மிளகுத் தண்ணியின் பூர்வீகம்

தோட்டத்துத் துரை பங்களாவில் மேசைக்குத் தட்டு எடுத்துப் போகிறவன் நான், தங்கையா. வெள்ளைக்காரனுக்குச் சாப்பாட்டைவிடச் சாப்பாட்டைப் பற்றிய பேச்சுதான் ருசி.

அன்று ஞாயிறு மதியம். விருந்துக்கு வந்த பட்டாளத்துக் கேப்டன் சூப்பைக் குடித்துவிட்டு, 'மல்லிகட்டானி' என்ற அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டான். தமிழ்ப் பரீட்சை எழுதித் தேறிய எங்கள் துரைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சமையற்காரி கத்தரீனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினார். மிளகு, தண்ணி என்ற இரண்டு தமிழ்ச் சொற்கள் மெட்ராஸில் கப்பலேறி, இங்கிலீஷில் ஒரே சொல்லாகிப்போன கதையை விளக்கினார். கேப்டன் "மிலகு, தன்னி" என்று சொல்லிப் பார்த்தான். எல்லோரும் சிரித்தார்கள். ஆட்டுச்சாறும் பாலும் ஊற்றச் சொல்வார்களே தவிர, அடியில் இருப்பது நம் மிளகுத் தண்ணிதான்.

கத்தரீன் நகரவில்லை.

"துரை, எங்க வீட்டுக்காரருக்குக் காச்சல். ஆத்தோரம் மோட்டார் கொட்டாயில எந்திரிக்க முடியாம கெடக்காரு. இதுல கொஞ்சம் கொண்டுபோகக் கேட்டுல காட்ட ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் குடுங்க."

காட்டுச் சண்டைக்காக வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரும் என்று, தோட்டத்து முள்வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு கொண்டுபோனாலும் ஜெயில். வெளியே தண்ணீர் மோட்டாருக்குக் காவலிருந்த அவள் புருஷன் அல்போன்ஸ், தினமும் மேலே ஏறி வந்துதான் சாப்பிடுவான். காய்ச்சல் விழுந்ததிலிருந்து ஏற முடியவில்லை. நாலு பேர் சேர்ந்து போய்த் தூக்கி வரவும் தடை. தாப்பா டவுனுக்குப் போன தோட்டத்து லோரி மறுநாள்தான் திரும்பும்.

துரை கேப்டனைப் பார்த்தார். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான், கத்தரீன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லைக் கடல் தாண்டிக் கொண்டுபோனவர்கள், அந்தத் தண்ணியை அரை மைல் கொண்டுபோக விடமாட்டார்களாம்.

சமையலறையில், பால் ஊற்றுமுன் எடுத்து வைத்திருந்த மிளகுத் தண்ணியில் கத்தரீன் முந்தானையை முக்கினாள். இடுப்பில் சுருட்டிச் செருகி, மேலே சாக்கைப் போர்த்திக்கொண்டாள். மழை பெய்துகொண்டிருந்தது. கேட்டில் சோதனை போடும் பெண்ணுக்கு அன்று எல்லார் சேலையும் ஈரம்தான்.

மறுநாள் லோரி அல்போன்ஸை ஏற்றி வந்தது, முகத்தை மூடி.

அடக்கம் முடிந்த பிறகு கத்தரீன் என்னிடம் சொன்னாள்.

"வாயில புழிஞ்சு விட்டேண்ணே. குடிச்சாரு. உப்பு கம்மின்னாரு. துரைமாருக்குப் போட்ட உப்புதானே. காலையில சரியாப் போட்டுக் கொண்டாறேன், இப்பத் தூங்குங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."