நான்கு வருடம் தாமதமாக வந்த வியாழக்கிழமை

அந்தக் கட்டிடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டீச்சர்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூடப் பாடம் எடுத்தவள் இல்லை அவள். தண்ணீர்ப் பம்பு செய்து நாற்பது கிளைகளில் விற்கிற கம்பெனியில் மென்பொருள் வேலை. ஆர்டர் எடுக்க ஒரு மென்பொருள், கிடங்கைப் பார்த்துக்கொள்ள ஒன்று, லீவு கேட்க ஒன்று, அறிவிப்பு அனுப்ப ஒன்று என்று அங்கே ஏகப்பட்டது உண்டு. ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசாது. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நடுவில் நின்று, இது சொன்னதை அதற்குப் புரிகிற விதமாகச் சொல்லி வைப்பதுதான் அவளுடைய பிரிவின் வேலை. இதற்குப் புதிதாக வருகிறவர்கள் முட்டி மோதிக் கற்றுக்கொள்வதைப் பார்க்கச் சகிக்காமல், இரண்டு வருடம் உட்கார்ந்து ஒரு பயிற்சிக் கையேடு எழுதினாள். பன்னிரண்டு பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் செய்து பார்க்க ஒரு பயிற்சி. என்ன கூத்தடித்தாலும் யாருக்கும் சேதம் வராத ஒரு டெஸ்ட் சர்வர். டீச்சர் என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

இன்று பன்னிரண்டு மணிக்கு மேலாளர் அந்தக் கையேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் நாற்பது கிளைக்கும் போகும். போடாவிட்டால் வெளியிலிருந்து ஏதோ ஒரு பாடத்தை வாங்கிக்கொள்வார்கள், அவளுடைய இரண்டு வருடம் அலமாரிக்குப் போகும். அதைப் பற்றி அவளுக்குத் துளிக் கவலை இல்லை. மேலாளர் அவளுக்குத் தெய்வம் மாதிரி. அவர் போடாமல் இருப்பாரா?

தெய்வமான கதையைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, கம்பெனியின் அறிவிப்பு, கடிதம், மெசேஜ் எல்லாம் போகிற பாதையை மதியம் இரண்டு மணிக்குப் புது மென்பொருளுக்கு மாற்றியே தீருவேன் என்று மேலாளர் ஒற்றைக் காலில் நின்றார். "டெஸ்ட் பண்ணாம மாத்தினா மாட்டிக்குவோம் சார்" என்று பத்துப் பேர் முன்னால் இவள் சொன்னாள். "பயந்தவங்களுக்கு இங்க வேலை இல்ல" என்றார் அவர். சொன்னபடியே இரண்டு மணிக்கு மாற்றியும் விட்டார். இவள் தன் இடத்துக்குப் போய் அவருக்கு ஒரு கடிதம் தட்டினாள். 'உங்கள் நாற்காலியில் ஒரு மரக்கட்டையை வைத்திருந்தால் இதைவிட நல்ல முடிவு எடுத்திருக்கும். குறைந்தபட்சம் அவசரப்பட்டிருக்காது' என்பது அதில் இருந்ததிலேயே மரியாதையான வரி. அனுப்பியும் விட்டாள். மறுநாள் காலையில், கழுத்தைப் பிடித்துத் தள்ளப் போகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு போனால், மேலாளர் தன் கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாம்மா, உக்காரு. நேத்து நீ சொன்னதுதான் சரி. சேந்து சரி பண்ணிடலாமா?" கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கும் இல்லை, அதற்கப்புறம் நான்கு வருடமும் இல்லை. இப்படிப்பட்ட மனுஷன் உலகத்தில் உண்டா என்று அன்றே அவள் நெஞ்சு நிறைந்துபோனது.

காலை பதினொரு மணி. ஐந்தாவது மாடிப் பயிற்சிக் கூடம். புதிதாகச் சேர்ந்த முப்பது பேர் முன்னால், பெரிய திரையில் ஒன்பதாவது பாடம் ஓடிக்கொண்டிருந்தது.

"அட்ரஸ் தப்பா இருக்கலாம், வழி அடைச்சிருக்கலாம். போய்ச் சேராத மெசேஜ் எல்லாம் இந்தப் பெட்டில வந்து விழும். இதுக்குப் பேரு டெட் லெட்டர் கியூ. காணாமப் போகாது, பத்திரமா இருக்கும். வழி சரியானதும் இந்த ரீப்ளே பட்டனை அமுக்கினா, எல்லாம் மறுபடி கிளம்பிப் போகும். நான் டெஸ்ட் சர்வர்ல பன்னெண்டு மெசேஜ் போட்டு வெச்சிருக்கேன். பாருங்க."

அமுக்கினாள்.

'பன்னிரண்டு அனுப்பப்பட்டன' என்று வர வேண்டிய இடத்தில் 'இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு அனுப்பப்படுகின்றன' என்று வந்தது.

கையேட்டின் மூன்றாம் பக்கத்தில், கொட்டை எழுத்தில், அவளே எழுதிய விதி ஒன்று இருக்கிறது: நிஜ சர்வரின் ஜன்னலுக்குச் சிவப்பு விளிம்பு போட்டு வைக்கவும், டெஸ்ட் என்று நினைத்து நிஜத்தில் கை வைத்துவிடாமல் அது காப்பாற்றும். அவளும் போட்டுத்தான் வைத்திருந்தாள். நேற்று அந்தப் பக்கத்துக்குப் படம் எடுத்தபோது, கறுப்பு வெள்ளையில் அந்த விளிம்பு இரங்கல் செய்தி மாதிரி தெரிகிறதே என்று ஒரு நிமிடம் எடுத்துவிட்டாள். திரும்பப் போட மறந்துபோனாள். ஊருக்குத்தானே உபதேசம்.

திரையில் வரிகள் சரசரவென்று பச்சையாகிக்கொண்டே போயின. எல்லாவற்றுக்கும் ஒரே தேதி. நான்கு வருடத்துக்கு முந்தைய வியாழக்கிழமை, மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை. மாற்றிய கையோடு வழி அடைத்துக்கொண்டு, அன்று மதியம் அனுப்பியதெல்லாம் பெட்டிக்குள் விழுந்திருக்கிறது. இப்படி ஒரு பெட்டி இருப்பதே அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆறு மணிக்கு எல்லாம் படுத்த பிறகுதான் கோளாறே தெரிந்தது, அதற்கு முன்னால் அனுப்பியதெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். நல்ல வேளை, ஆர்டர் சங்கதியெல்லாம் வேறு பாதை. இல்லாவிட்டால் இருபது லாரி பம்பு கிளம்பியிருக்கும்.

அவள் கண் ஒரு வரியில் குத்திட்டு நின்றது. அனுப்பியது, அவள். பெறுபவர், மேலாளர். விஷயம்: 'உங்கள் முடிவு பற்றி'. அந்த வரியும் பச்சையானது. சேர்ந்துவிட்டது.

அப்படியென்றால் அவர் அந்தக் கடிதத்தைப் படிக்கவே இல்லை. மன்னிக்கவும் இல்லை. மன்னிப்பதற்கு அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. இனிமேல்தான் படிக்கப் போகிறார், பன்னிரண்டு மணிக்கு முன்னால்.

"டீச்சர், இது டெஸ்ட் டேட்டாவா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"பத்தாவது பாடத்தைப் படிங்க!" என்று கத்திவிட்டு ஓடினாள்.

நடையில் கால் வைத்தபோதே கட்டிடம் முழுக்க மணி அடிக்க ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு மேஜையிலும் ஒவ்வொரு பையிலும் டிங் டிங் என்று ஒரே சத்தம். 'மின்தூக்கி பழுது, படிக்கட்டைப் பயன்படுத்தவும்' என்று எல்லாருக்கும் ஒரு மெசேஜ். அதை நம்பி, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த லிஃப்டிலிருந்து ஏழு பேர் அலறியடித்து வெளியே வந்தார்கள். அடுத்த நிமிடம் இன்னொன்று: 'தீயணைப்பு ஒத்திகை. அனைவரும் உடனே தரைத்தளத்துக்கு வரவும்.' அவ்வளவுதான். ஐந்து மாடியும் படிக்கட்டில் இறங்கியது.

நடுவில் ஸ்டோர்கீப்பரைப் பிடித்து நாலு பேர் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். "பிறந்தநாள் வாழ்த்துகள்! மெசேஜ் வந்துச்சே!"

"எனக்குப் பொறந்தநாள் மார்ச்லங்க" என்றார் அவர், கையை விடாமல். "பரவால்ல, சொல்லுங்க, சொல்லுங்க. அன்னைக்கு ஒருத்தரும் சொல்லல."

டீச்சரின் கைப்பேசி அடித்தது. வீட்டுக்காரர்.

"ஏங்க, அப்புறம் பேசறேன்!"

"வெச்சிடாத, வெச்சிடாத! இப்ப என் போனுக்கு உங்க கம்பெனி வழியா நீ அனுப்பின ஒரு மெசேஜ் வந்திருக்கு. 'வரும்போது ரெண்டு கிலோ வெங்காயம் வாங்கிட்டு வாங்க.' தேதியைப் பாரு! நாலு வருஷத்துக்கு முந்தி! அன்னைக்குத் தலைல அடிச்சு சத்தியம் பண்ணேனா இல்லையா, மெசேஜ் வரலைன்னு? நம்பினியா நீ? ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தியா இல்லையா?"

"ஐயோ, இருந்தேன்! தப்புதாங்க! இப்ப வைங்க!"

"உங்க அக்காகிட்டயும் சொல்லு. அவங்களும் என்னை நம்பல!" அவருடைய குரலில் தேர்தலில் ஜெயித்த குதூகலம். "நான் இப்பவே போய் வெங்காயம் வாங்கறேன்!"

கூட்டம் அவளைத் தூக்காத குறையாக இறக்கிக்கொண்டு போனது. மேலாளரின் அறை இருக்கிற இரண்டாவது மாடிதான் அவள் போக வேண்டிய இடம். மூன்றாவது மாடித் திருப்பத்தில், அத்தனை பேரும் இறங்குகிற படிக்கட்டில் ஒரே ஒருத்தர் மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் இடித்துக்கொண்டு மேலே ஏறி வருவதைப் பார்த்தாள். சட்டை வெளியே வந்திருந்தது. கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. மேலாளர்.

கூட்டம் அவளை அவருக்கு நேராகக் கொண்டுபோய், அவரைத் தாண்டியும் கொண்டுபோனது.

"நில்லும்மா!" என்று அவர் அவளுடைய துப்பட்டாவைத் தாண்டி, அடையாள அட்டையின் கயிற்றை எட்டிப் பிடித்தார்.

"சார், படிக்காதீங்க!" என்றாள் அவள்.

"படிக்காத!" என்றார் அவரும், அதே மூச்சில்.

இரண்டு பேரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். மூச்சு வாங்கியது.

"நான் எதைப் படிக்கக் கூடாது சார்?"

"நான் எதைப் படிக்கக் கூடாது?"

வயதில் மூத்தவர் என்பதால் அவரே ஆரம்பித்தார். அன்று மதியம் நாலு மணிக்கு, 'புதிய இணைப்பு வெற்றிகரமாகச் செயல்படுகிறது' என்று கம்பெனி முழுவதற்கும் ஒரு அறிவிப்பு அனுப்பியிருந்தாராம். அது இப்போதுதான் அவருடைய கைப்பேசிக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அப்போதே புரிந்துவிட்டது, அன்று மதியம் அனுப்பியது எதுவுமே போகவில்லை, எல்லாம் இப்போது போய்க்கொண்டிருக்கிறது என்று. அந்த அறிவிப்புக்கு அடுத்தபடியாக அவர் அனுப்பியது ஒரு கடிதம்.

"யாருக்கு சார்?"

"உனக்குத்தான். பத்துப் பேர் முன்னால என்னை எதுத்துப் பேசினதுக்கு, வேலைக்கு வர வேணாம்னு."

டீச்சர் கைப்பேசியை எடுத்தாள். வெங்காயக் கலவரத்தில் பார்க்காமலே இருந்திருக்கிறாள். இருந்தது. 'நாளையிலிருந்து நீங்கள் பணிக்கு வர வேண்டியதில்லை. உங்கள் பொருள்களை வாசலில் பெற்றுக்கொள்ளலாம்.' கீழே அவருடைய முழுப் பதவியும். நான்கு வருடத்துக்குப் பிறகும் வலித்தது.

"மறுநாள் காலைல நீ வந்து நிக்கறே" என்றார் அவர். "வேலைய விட்டு அனுப்பின பொண்ணு. சண்டை போடல, ஒரு வார்த்தை கேக்கல. தலையக் குனிஞ்சுக்கிட்டு வந்து நான் கெடுத்ததைச் சரி பண்ண உக்காந்துட்ட. எனக்கு எப்படி இருந்திருக்கும்? பூமிக்குள்ள போயிடலாம்போல இருந்துச்சு. இவ்வளவு பெரிய மனசு எனக்கு வராதுன்னு வீட்ல போய்ச் சொன்னேன். என் பொண்ணுக்கிட்டகூட உன்னைத்தான் உதாரணம் சொல்வேன்."

"அந்தப் பெரிய மனசு உங்களுக்குத்தான்னு நான் நெனச்சேன் சார்."

"எனக்கா? எதுக்கு?"

இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது. "உங்க போன்ல இருக்கு சார். படிச்சுடுங்க."

கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, உதடு அசைய, அவர் படித்தார். இரண்டாவது பத்தியில் மரக்கட்டை வருகிற இடம் அவளுக்குத் தெரியும். அங்கே வந்ததும் அவருடைய புருவம் மேலே போனது, இறங்கவே இல்லை. தீயணைப்பு ஒத்திகைக்குப் போகிறவர்கள், சுவரோரம் நிற்கிற இந்த இரண்டு பேரையும் காயம்பட்டவர்களாக நடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, பாராட்டிவிட்டுப் போனார்கள்.

முதலில் யார் சிரித்தது என்று பின்னாளில் இரண்டு பேருக்கும் தகராறு உண்டு. சிரிப்பு வந்தது. நிற்க முடியாமல் படியில் உட்கார்ந்து சிரித்தார்கள். 'குறைந்தபட்சம் அவசரப்பட்டிருக்காது' என்று அவர் உரக்கப் படிக்க, 'உங்கள் பொருள்களை வாசலில்' என்று அவள் உரக்கப் படித்தாள். "என்கிட்ட அப்ப ஒரு தண்ணி பாட்டிலும் ஒரு சீப்பும்தான் சார் இருந்துச்சு." கண்ணில் நீர் வர, வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நான்கு வருடமாக ஒருத்தரை ஒருத்தர் மகான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், கோபத்தை இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அந்தப் பெட்டி பூட்டி வைத்திருந்திருக்கிறது.

சிரிப்பு அடங்கியது. படிக்கட்டும் காலியாகிவிட்டது. மேலாளர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"மத்ததெல்லாம் சரிம்மா. அந்த மரக்கட்டைதான் கொஞ்சம் வலிக்குது."

"தப்பு சார். மன்னிச்சுக்கங்க."

"நாலு வருஷமா மன்னிச்ச பேரை இலவசமா வாங்கிட்டேன். இப்ப நெஜமா மன்னிக்கணும்னா, உடனே வர மாட்டேங்குது. பொய் சொல்ல விரும்பல."

அவளிடமும் ஒரு கடிதம் இருக்கிறதே. அதை நினைத்தால் அவளுக்கும் மன்னிக்க உடனே வரவில்லைதான்.

"எவ்வளவு நேரம் ஆகும் சார்?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று முப்பத்தைந்து. "பன்னெண்டுக்குள்ள பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த இருபத்தைந்து நிமிடம் அவள் பயிற்சிக் கூடத்தில், புதியவர்கள் என்பதால் பழைய மெசேஜ் எதுவும் வராமல் அங்கேயே உட்கார்ந்திருந்த முப்பது பேரிடமும் நடந்ததை நடந்தபடி சொன்னாள். கடிதத்தில் என்ன இருந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டாள். சிவப்பு விளிம்பைத் திரும்பப் போட்டாள். கையேட்டின் அந்தப் படத்தையும் மாற்றினாள். இரங்கல் செய்தி மாதிரி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஒவ்வொரு நிமிடமும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பன்னிரண்டு மணிக்கு இரண்டாவது மாடிக் கதவைத் தட்டினாள். மேலாளர் தலை நிமிராமல் கையேட்டை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். ஒன்பதாவது பாடத்தில் நின்றார். பேனாவை எடுத்து, ஓரத்தில் ஒரு வரி எழுதினார்: 'இந்தப் பட்டனைத் தொடும் முன், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்க்கவும்.' பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

"முடிஞ்சுதா சார்?" அவள் கேட்டது கையெழுத்தைப் பற்றி இல்லை.

"முக்கால்வாசி. உனக்கு?"

"எனக்கும் அவ்வளவுதான் சார்."

"மீதி போகப் போக ஆகும்." கையேட்டை மூடி அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு வாசல் வரை போய்விட்டாள். பின்னாலிருந்து கூப்பிட்டார். நான்கு வருடத்தில் அவர் சொல்லத் தேவைப்படாத ஒன்றை, எழுதி அனுப்பாமல், வாயாலேயே சொன்னார்.

"நாளைக்கு வந்துடும்மா. என்ன?"

"வர்றேன் சார்" என்றாள்.