டர்போ வண்டிக்கு வந்த இருமல்

தேசிக் வாங்கிய பழைய காரில் டர்போ இருந்தது. உள்ளே போகும் காற்றை அழுத்தித் தள்ளி எஞ்சினுக்குக் கூடுதல் பலம் தரும் சாமான் அது. ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில் மாட்டுக்கும் சைக்கிளுக்கும் வழிவிட்டு நகரும் வண்டிக்கு அந்தப் பலம் போதாது என்று அவனுக்குத் தோன்றியது. லேப்டாப்பைக் காரோடு இணைத்து, எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்ற கணக்கைத் தானே மாற்றி எழுதக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தான். குரு, வெளிநாட்டிலிருந்து வீடியோ போடும் ஒரு தாடிக்காரர்.

காற்றை அளக்கும் சென்சாரை முதலில் புதிதாக மாற்று என்றார் தாடிக்காரர். மாற்றினான். அன்றிலிருந்து வண்டி இருமியது. வேகமெடுத்தால் எஞ்சினுக்குள் கூழாங்கல் உருள்வது போலச் சத்தம். பெட்ரோலைக் கூட்டி எழுதினான், குறைத்து எழுதினான், முக்கொம்பு சாலையில் ஓட்டிப் பார்த்தான். காவிரிக் காற்றில் ஈரம் அதிகம் என்று ஒரு காரணம் கண்டுபிடித்தான். காவிரி மறுத்துப் பேசவில்லை.

அப்பா சடகோபன் பேசினார். அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கேலியிலிருந்து ஓய்வு பெறவில்லை.

"ஏண்டா, தம்புராவுக்குக்கூட யாரும் இத்தனை நாள் சுருதி சேர்த்ததில்லையே?"

"கத்துண்டிருக்கேன்ப்பா."

"நன்னா கத்துக்கோ. ஞாயித்துக்கிழமை கைலாசபுரத்துல அத்தை பேத்திக்குச் சீமந்தம். அதுவரைக்கும் ஒழுங்கா போச்சுன்னா நீ பாட்டுக்கு நோண்டு. உன் தப்பால நின்னுதுன்னா வண்டியை அடைக்கலராஜ் ஒர்க்‌ஷாப்ல விட்டுடணும். அப்புறம் நீ பானெட்டைத் தொடப்படாது."

தேசிக் ஒப்புக்கொண்டான். யாரும் சொல்லாமல், பரீட்சைக்காக இல்லாமல், ஆசைப்பட்டு அவன் படித்த ஒரே பாடம் அந்த வண்டிக் கணக்குதான்.

ஞாயிறன்று வண்டி காவிரிப் பாலத்தில் குலுங்கியது, பாலக்கரையில் இருமியது, அரியமங்கலத்தில் நின்றேவிட்டது. பின் சீட்டில் அம்மா குமுதவல்லி பூக்கூடையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

தேசிக் பானெட்டைத் திறந்து, அதுவரை சந்தேகப்படாத ஒரே பொருளான புது சென்சாரைக் கழற்றினான். உள்ளிருந்த மெல்லிய கம்பியின்மேல் காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம். பார்சல் வந்த அன்று அம்மா அதைப் பெருமாள் முன்னால் வைத்து எடுத்துக் கொடுத்தது ஞாபகம் வந்தது. புது மிக்ஸி, புது குக்கர் எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் கிடைக்கும் மரியாதைதான். சந்தனம் மூடிய கம்பி காற்றைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. இவனும் இத்தனை நாள் சந்தனத்துக்குத்தான் கணக்கு எழுதியிருக்கிறான்.

ஆக, தப்பு அவனுடையதல்ல. ஒரு வார்த்தை சொன்னால் போதும், லேப்டாப் பிழைத்துவிடும்.

அம்மா கண்ணாடியை இறக்கினாள். "தேசிக், நான் அதுக்குச் சந்தனம் இட்டேனே. அதனால ஏதாவது ஆயிடுத்தா?"

முன் சீட்டில் அப்பாவின் காது நிமிர்ந்தது. கல்யாணமான புதிதில் அம்மா வைத்த உப்புக் கரிக்கும் சாற்றமுதை இன்றும் கதையாக விருந்தாளிகளுக்குப் பரிமாறுகிறவர் அவர். இது கிடைத்தால் அவருக்கு ஆயுள் முழுக்கப் போதும். இனி எந்தப் புதுப் பொருளுக்கும் பொட்டு வைக்க அம்மாவின் கை எழாது.

"அதெல்லாம் இல்லம்மா. என் கணக்குதான் தப்பு," என்றான் தேசிக்.

பானெட்டின் மறைவில் ஈரப் பஞ்சால் கம்பியைப் பதமாக ஒற்றி எடுத்தான். லேப்டாப்பில் தான் எழுதியதையெல்லாம் அழித்து, கம்பெனி கொடுத்த பழைய கணக்கையே திரும்ப ஏற்றினான். வண்டி வெண்ணெயாக ஓடியது.

"பாத்தியா, நீ எழுதினதை எடுத்ததும் எப்படிப் போறது," என்றார் அப்பா, ஆராய்ச்சி முடித்த நிம்மதியோடு.

சீமந்த வீட்டில் அவர் இந்தக் கதையை வளையல் அடுக்கும் இடத்தில் ஒரு தடவையும் பந்தியில் ஒரு தடவையும் சொன்னார். பந்திக்கு வருவதற்குள் கதையில் எஞ்சினிலிருந்து புகை வர ஆரம்பித்திருந்தது. பாயசம் வந்தபோது அம்மாவுக்கே பொறுக்கவில்லை.

"போதும், விடுங்கோ. கத்துக்கறச்சே தப்பு வரத்தான் செய்யும். நான் அவனை ஒண்ணும் சொல்லலை," என்று மகனைப் பெரிய மனதோடு மன்னித்தாள்.

"ஆமாம்மா," என்றான் தேசிக். பிறகு அப்பாவிடம் அடைக்கலராஜின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.