சும்மா இருக்கத் தெரியாத பெட்டி

என் மனைவிக்கு வலது முழங்கால் போய்விட்டது. இரண்டு மாதம் மிதி தையல் மிஷின் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னார். தலையணை உறை தைக்கக் கொடுக்கும் கடைக்கார அம்மா ஒரு வாரம் பொறுப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு துணி வேறு வீட்டுக்குப் போய்விடும். மனைவி மிஷினுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். துக்க வீடே தோற்றுவிடும் போலிருந்தது.

நான் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். ஓர் அலுவலகத்துப் பழைய கம்ப்யூட்டர்கள் அங்கே குப்பைக்கு வந்திருந்தன. மேஸ்திரியிடம் கேட்டு ஒன்றின் பவர் சப்ளை பெட்டியைக் கழற்றி வந்தேன். பழைய காரின் விசிறி மோட்டார் ஒன்று ஏற்கெனவே வீட்டில் கிடந்தது. பெட்டியின் கரண்டில் அதை ஓட்டினால், மிதிக்காமலே தையல் மிஷின் சுற்றும் என்று கணக்குப் போட்டேன். லீவு நாளில் இப்படி எதையாவது கோத்துப் பார்ப்பது என் வழக்கம். சீட்டாடுவதற்கு இது மேல் என்று மனைவி விட்டுவைத்திருந்தாள்.

ரிப்பேர் கடை வைத்திருக்கும் மச்சான் போனில் வழி சொன்னான். பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் சேர்த்தால் பெட்டி விழித்துக்கொள்ளும். மஞ்சளில் பன்னிரண்டு வோல்ட், சிவப்பில் ஐந்து. சேர்த்தேன். உள்ளே இருந்த விசிறி அரைச் சுற்று சுற்றிவிட்டு அணைந்தது. நான்கு நாள் இதே கதை.

"எழுந்திரிச்சு ஒரு கொட்டாவி விட்டுட்டு மறுபடி படுத்துக்குது. அப்படியே உங்க அண்ணன்" என்றாள் மனைவி.

ஐந்தாம் நாள் மச்சான் நேரில் வந்தான். பெட்டியில் என்ன மாட்டியிருக்கிறேன் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். எங்கள் கிடங்கில் புதிதாக வருகிறவனுக்கு முதல் நாள் மூட்டை கொடுக்கமாட்டோம். நின்று பார்த்துப் பழகட்டும் என்று விடுவோம். பெட்டிக்கும் அந்த மரியாதையைத்தான் செய்திருந்தேன். இரண்டாம் நாள் மோட்டாரை மாட்டலாம் என்றிருந்தேன். அதற்கு முதல் நாளே முடிந்தபாடில்லை.

மச்சான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"மாமா, இது பழைய பெட்டி. சிவப்புல ஏதாவது வேலை குடுத்தாத்தான் ஓடும். சும்மா இருன்னு சொன்னா அணைஞ்சிரும்."

சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே ஒரு கார் பல்பைக் கட்டினான். பல்பு மங்கலாக எரிந்தது. பெட்டி அணையாமல் ஓடியது. மோட்டாரை மஞ்சளில் மாட்டி, அதிலிருந்து ஒரு பெல்ட்டை மிஷின் சக்கரத்துக்குப் போட்டோம். அழுத்துவதற்கு ஒரு பெரிய பொத்தானை மனைவியின் இடது காலடியில் வைத்தேன். அவள் அழுத்தினாள். உறை அவள் கையைவிட்டுப் போய் மிஷினுக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

"தைக்கச் சொன்னா துரத்துது" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

மச்சான் மோட்டார் ஒயரை மஞ்சளிலிருந்து பிடுங்கிச் சிவப்பில் வைத்தான். பன்னிரண்டு ஐந்தானது. மிஷின் மனுஷன் நடக்கிற வேகத்துக்கு இறங்கியது. மனைவி ஓர் ஓரம் தைத்தாள், திருப்பினாள், அடுத்த ஓரம் தைத்தாள். நூலைக் கடித்துத் துப்பிவிட்டு அடுத்த உறையை எடுத்தாள். நாங்கள் இருவர் நிற்பதையே மறந்துபோனாள். சாப்பாட்டை நாங்களே போட்டுக்கொண்டோம்.

வாரக் கடைசியில் கடைக்கார அம்மா வந்தார். ஓர் உறையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தையல் முன்பைவிட நேராக இருக்கிறது என்றார். புதுத் துணிக்கட்டை வைத்துவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தியதும் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ இத்தனை வருஷமா நான் கோணலாவா தைச்சேன்?"

நான் துணிக்கட்டைத் தூக்கி மிஷின் பக்கத்தில் வைத்தேன். ஒரு வாரம் அதையே கேட்டாள், தைத்துக்கொண்டே.