ஈரம் போக எஸ்தரின் எடை

1.
இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது என் தொப்பை. அதைக் காட்டத்தான் ஒரு கிளினிக்குக்குப் போனேன். "மன அழுத்தம் மாசக்கணக்குல இருந்தா கார்டிசால்னு ஒரு ஹார்மோன் இறங்காம நிக்கும் சார். தூக்கம் கெடும், பசி கூடும், இடுப்புல கொழுப்பு சேரும்" என்றார் டாக்டர். அன்றே வீட்டில் அறிவித்தேன்: என் தொப்பைக்குக் காரணம் இலக்கியம். (போண்டா என்று மனைவி திருத்தினாள். அவளுக்கு விமர்சன மரபு தெரியாது.)

2.
முதல் வரி இப்படித் தொடங்கியது: 'கோபுரங்களின் நகரமாம் காஞ்சியில், காலம் என்னும் தறியில், மனம் என்னும் பட்டிழை...'

எனக்கே கூச்சமாகிவிட்டது. வாக்கியம் அங்கேயே தொங்கட்டும்.

இனி ஒழுங்காக. டாக்டரைப் பார்த்துவிட்டு மருந்துக்காகக் காத்திருந்தபோது, எனக்கு முன்னால் பெஞ்சில் ஒரு தம்பதி அடங்கிய குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். (சண்டை அவர்களுடையது, பெயர்கள் என்னுடையவை.) ஜெபகுமார் பட்டுச் சங்கத்தில் எடை பார்ப்பவர். நெசவாளிக்குப் பட்டையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுப்பார். சேலையாகத் திரும்பி வந்ததும் மறுபடி நிறுப்பார். போனதுதான் வரவேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அதுவே அவருக்கு வேதம்.

மனைவி எஸ்தருக்கு ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வாரத்துக்கு வாரம் நேரம் மாறி, தூக்கம் போய், ஆறு மாதத்தில் ஒன்பது கிலோ ஏறிவிட்டாள். ஜெபகுமார் வீட்டிலும் ஒரு தராசு வைத்தார். சோற்றை நிறுத்துப் போட்டார். எடை இறங்கவில்லை.

"நான் நிறுத்துதானே போடறேன்? எனக்குத் தெரியாம இன்னாவோ துன்ற எஸ்தரு."

"எங்க துன்றேன்? கம்பெனி பஸ்ஸுல தூங்கிக்கினேவா?"

"தராசு பொய் சொல்லாதும்மா."

"அப்போ நான் சொல்றேனா?"

அதன்பிறகு அவள் அவர் எதிரில் சாப்பிடுவதில்லை. அதனாலேயே அவர் சந்தேகம் உறுதியானது.

[இந்த இடத்தில் ஜெபகுமாரை அரக்கனாக்கப் பார்த்தேன். தன் சோற்றையும் அவர் நிறுத்தே சாப்பிட்டதாகச் சொல்லிக் கெடுத்துவிட்டார். நேர்மையான முட்டாளை எழுதுவது கஷ்டம். அடிக்கடி கண்ணாடி பார்க்க வேண்டியிருக்கிறது.]

3.
உள்ளே போனார்கள். நடுவில் திரைச்சீலைதான், என் காது வேலை செய்தது. எனக்குச் சொன்ன கார்டிசாலையே டாக்டர் அவர்களுக்கும் சொன்னார். கூடவே, "உடம்பு தண்ணியும் கட்டும்" என்றார்.

"உள்ள போவாதது எப்படி டாக்டர் எடையில வரும்?" என்றார் ஜெபகுமார்.

டாக்டர் வாய் திறக்குமுன் எஸ்தர் கேட்டாள்: "மழைக்காலத்துல சேலை எடை கூடி வருதே, நெசவுக்காரங்களைக் கள்ளன்னா சொல்றீங்க?"

"அது ஈரம்மா. பட்டு காத்துல இருக்கறதை இழுத்துக்கும். அதைக் கழிச்சிக்கினுதான் பார்ப்போம்."

"எனக்கு இன்னா கழிச்சீங்க?"



4.
முடிவு, முதல் வகை: அவர் தராசைப் பாலாற்றில் வீசினார். (தண்ணீர் ஏது? மணலில் 'டங்' என்று விழும். அடித்துவிட்டேன்.)

இரண்டாம் வகை: எஸ்தர் ஒரே மாதத்தில் இளைத்து... (லேகிய விளம்பரம். இதையும்.)

நான் பார்த்தது இவ்வளவுதான். எதிர் ஓட்டலில் அவர்கள் முன் ஒரு தட்டு இட்லி. ஜெபகுமார் அதைக் கையில் எடுத்தார்; பழக்கதோஷத்தில் உள்ளங்கை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு அவள் பக்கம் நகர்த்தினார். எஸ்தர் தட்டையே பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து என் போண்டா வந்துவிட்டது. நிமிர்ந்தபோது தட்டு காலி. இருவரும் அங்கேயே இருந்தார்கள். யார் சாப்பிட்டது?

நீங்களே சொல்லுங்கள். ஈரத்தைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள்.