வால்வு பெட்டியும் மச்சினன் பெட்டியும்

அச்சகக்காரருக்குத் தன் வால்வு ஆம்ப்ளிஃபயர் என்றால் உயிர். பழைய சாமான் கடையில் வாங்கியது. சுவிட்சைப் போட்டால் ஒரு நிமிடம் மூச்சே விடாது. பிறகு நான்கு கண்ணாடி வால்வுகளும் மெல்லச் சிவந்து, பாட்டு வரும்.

மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக்கான மச்சினன், புதிதாக ஒன்றை வாங்கி வந்தான். மரப்பெட்டி, பித்தளைக் குமிழ்கள், முன்னால் இரண்டு வால்வுகள். போனிலிருந்தே பாடும்.

"வால்வெல்லாம் சும்மா மினுக்கத்தான் மாப்ள. பழசு மாதிரி வேஷம் கட்டி விட்டிருக்கான்."

"எது பாடுதுன்னு பார்க்காம கண்டுபிடிங்க அத்தான், ஒத்துக்கிறேன்."

ஞாயிறு மதியம் அவர் மனைவி கொடியில் போர்வையைத் தொங்கவிட்டாள். அதன் பின்னால் இரண்டு பெட்டிகளும். வெளியே ஒரே ஜோடி ஸ்பீக்கர். மச்சினன் ஒயரை மாற்றி மாற்றிச் செருக, ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடியது. அச்சகக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். நாலில் மூன்று தப்பு. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஐந்தாவது தடவை இடது ஸ்பீக்கரின் ஒயர் கழன்றுவிட்டது. மச்சினன் கையை நீட்டினான். அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கணவரையே பார்த்தாள். அவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அட்டகாசம்! ரெண்டு பக்கமும் எப்படிப் பிரிஞ்சு கேக்குது பாரு. இது என்னுதேதான்."

"ஏங்க, இடது பக்கம் பாடவே இல்ல."

"கதை விடாத."

எழுந்து வந்து தொங்கிய ஒயரைப் பார்த்தார். தானே செருகினார். குனிந்து இடது காதை ஸ்பீக்கரில் வைத்தார். பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. வலது காதை வைத்தார். மறுபடி இடது. சிரிக்கத் தயாராக இருந்த மச்சினன் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் முப்பது வருடம் இடது காதைக் கொடுத்துக்கொண்டு நின்றவர் அவர். "கொஞ்சம் கொஞ்சமா போனதால உங்களுக்குத் தெரியல," என்றார் காது டாக்டர். காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள ஒரு மிஷின் கிடைத்தது. முதல் வாரம் செய்தித்தாள் புரட்டும் ஓசைக்கே அவர் திடுக்கிட்டார்.

அடுத்த மாதம் அவரே போர்வையை எடுத்துக் கட்டினார். பத்துக்குப் பத்தும் சரியாகச் சொன்னார்.

"எப்படி அத்தான்?"

"உன்னுது சுத்தமா பாடுது. இடது பக்கம் அடியில உய்ய்னு இரையுறது என்னுது." மனைவி பக்கம் திரும்பினார். "இது எத்தனை நாளா இரையுது?"

"ஆறு வருஷமா."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. எந்தப் பக்கம் நின்னு சொன்னேனோ, யார் கண்டது!"