தட்டை எடுக்கும் கை இன்னும் வரவில்லை

1

இந்தக் கதையில் பாதி என்னுடையதல்ல. பக்கத்து மேசை யா-ஜூ மதியச் சாப்பாட்டின்போது சொன்னது. மீதியை நான் கட்ட முயன்று களைத்துவிட்டேன்.

முதல் வரி: “சிங்மிங் காலையில் தைவானின் தைனானில் மழை” (வேண்டாம். எல்லாக் கதையிலும் அன்று மழைதான்.)

2

இறந்தவர்களின் அஸ்தியை மாடங்களில் வைத்திருக்கும் கட்டடம் ஒன்றுக்கு இணையச் செயலி செய்தோம். முன்னோரைக் கும்பிடும் சிங்மிங் நாளில் வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே தங்கள் மாடத்தை நேரலையில் பார்க்கலாம். வீடியோ பிளேயரைப் பொருத்தியவள் யா-ஜூ.

அது எளிய வேலைதான். வலைப்பக்கத்தில் காலி இடம் விட வேண்டும். அந்த இடம் திரையில் உருவான பிறகே ஜாவாஸ்கிரிப்ட் பிளேயரை அங்கே உட்கார வைக்க வேண்டும். அவசரப்பட்டால், போடாத பெஞ்சில் உட்கார்ந்த கதை. பிளேயர் படத்தைத் தொட்டியில் தண்ணீர்போலச் சேர்த்துவைத்துத்தான் காட்டும். தொட்டி பெரிதென்றால் படம் தடைபடாது, ஆனால் பிந்தும். யா-ஜூ வைத்தது அரை நிமிடத் தொட்டி.

(அவளைக் கவனக்குறைவானவளாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். நானும் அப்படித்தான் வைத்திருப்பேன்.)

3

அவள் அப்பா இடுப்பெலும்பு முறிந்து மூன்றாம் மாடி வீட்டில் இருக்கிறார். லிப்ட் இல்லை. மனைவி இறந்தபின் வரும் முதல் சிங்மிங். படையலை இறந்தவர் சாப்பிட்டு முடித்தாரா என்று இரண்டு பிறைக்கட்டைகளைப் போட்டுக் கேட்டபிறகே தட்டை எடுக்க வேண்டும். ஒன்று மல்லாந்து, ஒன்று கவிழ்ந்தால் ‘ஆச்சு’. நான்தான் கேட்பேன் என்று அவர் சொல்லிவிட்டார். மாடத்தின் முன் நின்ற மகன் குவான்-திங்குக்கு யா-ஜூ போனில் தகவல் சொல்வதாக ஏற்பாடு.

“போடட்டுமா?”

“ஊதுபத்தி பாதிகூட எரியலையேப்பா.”

போட்டார். இரண்டும் கவிழ்ந்தன.

“பாத்தியா, இன்னும் மென்னுட்டிருக்கா. மீன்ல முள்ளெடுக்கவே உங்கம்மாவுக்கு ஒரு மணி நேரமாகும்.”

போன் அடித்தது. யா-ஜூ அடுக்களைப் பக்கம் நகர்ந்தாள்.

“அக்கா, அடுத்த குடும்பம் முதுகுலயே வந்து நிக்குது. நானே கட்டையப் போட்டுட்டேன். ஆச்சுன்னு வந்துச்சு. தட்டையும் எடுத்துட்டேன்.”

“அடப்பாவி. எப்போ?”

“இப்பத்தான்.”

எட்டிப் பார்த்தாள். திரையில் மீன் தட்டு அப்படியே இருந்தது. தம்பியின் கை தொட்டிக்குள் வந்துகொண்டிருந்தது.

4

முடிவு ஒன்று: கை வரட்டும், அப்பா பார்க்கட்டும். (எழுதினேன். அப்போது அவர் முகம் எப்படி—)

முடிவு இரண்டு: படத்தை நிறுத்த பிளேயருக்கு ஒரே கட்டளை போதும். அசையாத மாடம், அசையாத மீன். நிறுத்தினாலும் வித்தியாசம் தெரியாது. ‘ஆச்சு’ என்று வரும்வரை அவர் போட்டுக்கொண்டிருக்கலாம். யா-ஜூ தன் கணினியிலிருந்து நிறுத்தினாள்.

கட்டைகளை எடுத்த அப்பா போடவில்லை. திரையருகே குனிந்தார்.

“புகை நிக்குதேம்மா.”

அவளுக்கு இரண்டு பதில்கள் எழுதி, இரண்டையும் அடித்துவிட்டேன். கட்டைகள் இன்னும் அவர் கையில் இருக்கின்றன. நீங்களே ஏதாவது சொல்லுங்கள்.