பதினோரு மணி அழைப்பு

அரசு மருத்துவமனையின் பின்கட்டில், சலவை அறைக்கும் உடைந்த கட்டில்களைக் குவித்து வைத்திருந்த கொட்டகைக்கும் நடுவே, காத்திருப்போர் பிரிவு இருந்தது. பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. அங்கே யாரும் காத்திருப்பதில்லை. உட்கார ஒரு பெஞ்சுகூடக் கிடையாது. காத்திருப்பவர்களின் பதிவு எண்கள் மட்டும்தான் அங்கே இருந்தன. ஆட்கள் அவரவர் வீட்டில் மூச்சு வாங்கிக்கொண்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டும் கிடந்தார்கள்.

இரண்டு மேஜை, இரண்டு தொலைபேசி, ஒரு கணினி, இரண்டு பெண்கள். அவ்வளவுதான் பிரிவு. மூத்தவளை மருத்துவமனையே ‘தேதியக்கா’ என்றுதான் கூப்பிடும். அறுவை சிகிச்சைக்கான தேதியை நோயாளிக்குச் சொல்வது அவள் வேலை. பதினெட்டு வருட சர்வீஸில் ஒரு மெமோ வாங்கியதில்லை. சொந்தக்காரன், தெரிந்தவன் என்று ஒருவனுக்கும் தேதியை ஒரு நாள்கூட முன்னால் நகர்த்தியதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அமைச்சர் ஓர் அறிவிப்பு விட்டார். இனி அறுவை சிகிச்சைக்காக யாரும் தொண்ணூறு நாளுக்கு மேல் காத்திருக்க மாட்டார்கள், அப்படி ஒருவர் காத்திருந்தாலும் அந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளர் தன் முன்னால் வந்து நின்று பதில் சொல்லியாக வேண்டும் என்றார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அறுவை அரங்கு அதே இரண்டுதான். அதிலும் ஒன்றில் மழை பெய்தால் கூரை ஒழுகும். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் மூன்று பேரில் ஒருவர் மாற்றலாகிப் போய் வருடம் ஒன்றாகிறது, அந்த இடத்துக்கு ஆள் வந்தபாடில்லை. அறுவை சிகிச்சைகள் கூடவில்லை, நாட்களை மட்டும் குறைக்க வேண்டும். கண்காணிப்பாளர் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

வழி கண்டுபிடித்தவள் தேதியக்கா. விதிப் புத்தகத்தில் ஒரு பழைய பிரிவு இருந்தது. நோயாளியைக் கூப்பிட்டு, சிகிச்சைக்கு இன்னும் விருப்பம் உண்டா என்று கேட்க வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் எடுக்காவிட்டால் ‘தொடர்பில் இல்லை’ என்று குறித்து, அதுவரை காத்த நாள் கணக்கை அழித்து, அன்றைய தேதியில் புதிதாகப் பதிந்துகொள்ளலாம். ஊரைவிட்டுப் போனவர்களுக்காகவும் செத்துப்போனவர்களுக்காகவும் எழுதி வைத்த விதி அது. அதில் மூன்று முறை என்றுதான் இருக்கிறது, மூன்று நாள் என்று இல்லை. ஐந்து நிமிடத்துக்குள் மூன்று முறை கூப்பிட்டாலும் விதிப்படி சரிதான். அதிலும் காலை பதினோரு மணிக்குக் கூப்பிட்டால் வேலைக்குப் போகிறவர்கள் பத்தில் எட்டுப் பேர் எடுக்க மாட்டார்கள். தெரியாத எண் என்று சிலர், முதலாளி பக்கத்தில் நிற்கிறார் என்று சிலர். எண்பது நாள் தாண்டியவர்களை மாதக் கடைசியில் அந்த நேரத்தில் கூப்பிட்டால் போதும், பட்டியல் துடைத்து வைத்ததுபோல் ஆகிவிடும். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பாள் அவள். நாமும் பாதி நம்பலாம். குழந்தைகளின் எண்ணைக் கூப்பிடாமல் ஒதுக்கிவிடுவாள், தான் முகம் பார்த்தவர்களின் எண்ணையும் ஒதுக்கிவிடுவாள். முகம் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் பெஞ்சு கேட்டு எழுதவில்லையோ என்னவோ.

அவளுடைய தங்கைக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருந்தது. தையல் தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் வைக்கிற வேலை. மெஷினில் உட்கார்ந்திருக்கிறவரைக்கும் ஒன்றும் தெரியாது. எழுந்து நடந்தால் நெஞ்சை அடைக்கும். டாக்டர் பார்த்துவிட்டு, மூன்று மாதத்துக்குள் சரிசெய்தாக வேண்டும், அதற்குமேல் தள்ளினால் இதயம் தாங்காது என்று எழுதிக் கொடுத்தார். தேதியக்கா தன் கையாலேயே பதிவு செய்தாள். எண் மட்டும்தான் போட்டாள், தன் தங்கை என்று ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

“அக்கா, நீதானே அங்க தேதி போடுற. கொஞ்சம் முன்னாடி...” என்று தங்கை ஆரம்பித்தபோதே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அதெல்லாம் வரிசைப்படிதாண்டி வரும். ஊருக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?”

தங்கை அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாதக் கடைசியில் பதினோரு மணிக்கு ஒரு ஃபோன் வரும், அதை மட்டும் விட்டுவிடாதே என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள். அந்த ஏனுக்குப் பதில் சொல்ல அக்காவால் முடியாது. அதற்குள் எப்படியும் தேதி வந்துவிடும் என்று தன்னையே தேற்றிக்கொண்டு இருந்துவிட்டாள்.

எண்பத்து நான்காவது நாள் தாண்டிய ஞாயிற்றுக்கிழமை தேதியக்கா தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். தங்கை அரிசி களைந்துகொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“வெள்ளிக்கிழமை ஏதோ ஆபீஸ் நம்பர்லருந்து மூணு தடவை கூப்பிட்டிருக்காங்கக்கா. எங்களுக்குத்தான் கேட்லயே ஃபோனை வாங்கிப் பெட்டியில போட்டுப் பூட்டிடுவாங்களே. சாயங்காலம் எடுத்துத் திரும்பக் கூப்பிட்டேன், போகவே இல்ல. உங்க ஆஸ்பத்திரியா இருக்குமோ?”

பிரிவின் தொலைபேசியிலிருந்து வெளியே கூப்பிட முடியும், வெளியிலிருந்து உள்ளே கூப்பிட முடியாது. தொல்லை வேண்டாம் என்று அப்படி வைக்கச் சொன்னவளும் தேதியக்காதான்.

“எத்தனை மணிக்குக் கூப்பிட்டிருக்காங்க?”

“பதினொண்ணு ரெண்டு, பதினொண்ணு மூணு, பதினொண்ணு அஞ்சு. என்ன அவசரமோ பாவம்.”

திங்கட்கிழமை காலை எட்டரைக்கே போய்க் கணினியைத் திறந்தாள். தங்கையின் எண்ணுக்கு நேரே ‘காத்திருப்பு: மூன்று நாள்’ என்று இருந்தது. எண்பத்து நான்கு நாள் போன இடம் தெரியவில்லை. பட்டியலில் ஒற்றைப்படை எண்கள் அவளுக்கு, இரட்டைப்படை எண்கள் பக்கத்து மேஜைக்காரிக்கு. தங்கையின் எண் எட்டில் முடிந்தது.

பக்கத்து மேஜைக்காரி கைப்பையை மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கண்ணாடி போட்ட, சாதுவான பெண். சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உங்க தங்கச்சியா! ஐயோ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா? எனக்கு நம்பர்தானே தெரியும்.”

“ஒரே நாள்ல மூணு தடவையும் கூப்பிட்டிருக்கியே.”

“நீங்க சொல்லிக் குடுத்ததுதானேக்கா? ஃபேக்டரி ஆளுங்களைப் பதினோரு மணிக்குப் போடு, எடுக்கவே மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க.” குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. பாடத்தை ஒழுங்காக ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொன்னாள்.

பழைய தேதியைத் திரும்பப் போட அவளுக்கு அதிகாரம் இல்லை. மாத அறிக்கை சனிக்கிழமையே அமைச்சகத்துக்குப் போய்விட்டது. திருத்த வேண்டுமானால் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் கல்நெஞ்சக்காரர் ஒன்றும் இல்லை. கேட்டுவிட்டு வெகுநேரம் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

“திருத்தினா ஏன் திருத்தினீங்கன்னு அமைச்சகத்துல கேப்பான். ஒரே நாள்ல மூணு ஃபோனான்னு கேப்பான். அப்புறம் ஒண்ணோட நிக்குமா? ரெண்டு வருஷத்துப் பட்டியலையும் தோண்டுவான். நானும் போவேன், நீங்களும் போவீங்க.”

“சார், டாக்டர் மூணு மாசம்னு எழுதியிருக்கார்.”

“புரியுதும்மா. நாளை மறுநாள் ஆய்வுக்கு வராங்க. அது முடியட்டும், பாப்போம்.”

பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? அவளே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

புதன்கிழமை அமைச்சகத்திலிருந்து ஆய்வு அதிகாரி வந்தார். மேஜையில் விரலை ஓட்டித் தூசி பார்த்தார், அலமாரியைத் திறந்து மூடினார். கடைசியில் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“தொண்ணூறு நாள் கிட்ட காத்திருக்கிறவங்க யாராவது இருக்காங்களா?”

கண்காணிப்பாளர் வாயைத் திறப்பதற்குள் தேதியக்கா சொல்லிவிட்டாள். “இருக்காங்க சார். ஒருத்தங்க. எண்பத்தி ஒம்பது நாள் ஆச்சு.”

இத்தனை வருடங்களில் அவள் இவ்வளவு சத்தமாக அந்த அறையில் பேசியதில்லை. அதிகாரி எண்ணைக் கேட்டார். அவள் மனப்பாடமாகச் சொன்னாள். பக்கத்து மேஜைக்காரி அதைக் கணினியில் தட்டினாள். திரையில் வந்ததை அதிகாரி குனிந்து படித்தார்.

“அஞ்சு நாள்னு இருக்கே?”

“அது புதுத் தேதி சார். ஃபோன் எடுக்கலைன்னு மாத்திட்டாங்க. உண்மையான தேதி...”

“மூணு தடவை கூப்பிட்டிருக்கீங்க. நேரம்கூடப் பதிவாயிருக்கு.” அவர் முகம் மலர்ந்தது. “இதைத்தாம்மா நாங்க எல்லா ஆஸ்பத்திரிலயும் கேக்குறோம். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா பதில் சொல்ல ஆதாரம் வேணும். நீங்க பொறுப்பா கூப்பிட்டிருக்கீங்க. நோயாளிக்குப் பொறுப்பில்லைன்னா அதுக்கு அரசாங்கம் என்ன பண்ணும்?”

“சார், அவ வேலை செய்யிற இடத்துல ஃபோனைப் பூட்டி வச்சிடுவாங்க சார். பதினோரு மணிக்குக் கூப்பிட்டா யாரும் எடுக்க மாட்டாங்கன்னு எங்களுக்குத் தெரியும் சார்.”

சொல்லிவிட்டாள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்காணிப்பாளர் தரையைப் பார்த்தார். ஆனால் அதிகாரியின் காதில் அது ஏறவே இல்லை. அவர் ஏற்கெனவே பதிவேட்டில் ‘நன்று’ என்று எழுதிக்கொண்டிருந்தார்.

“குறை ஏதும் இருந்தா எழுத்துமூலமா குடுங்க. முறைப்படி உங்க கண்காணிப்பாளர் வழியா வரணும்,” என்றார். வந்த வேலை முடிந்தது.

அன்று மாலையே எழுதிக் கொடுத்தாள். கண்காணிப்பாளர் வாங்கி, மேஜை இழுப்பறையில் வைத்து, மெதுவாக மூடினார். கிணற்றில் போட்ட கல்தான் அது என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அங்கிருந்து நேரே தொழிற்சாலை வாசலுக்குப் போனாள். ஷிப்டு விட்டுத் தங்கை வந்தாள். உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. அவள் பையை வாங்கிக்கொண்டு தேதியக்கா கூடவே நடந்தாள். தங்கையின் வீடு மூன்றாவது மாடி. முதல் திருப்பத்திலேயே தங்கை படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்னக்கா, பேச்சே காணோம்? தேதி கேட்டியா?”

“ஃபோனை எடுக்கலைன்னு திரும்ப முதல்லருந்து எண்ணுவாங்களாம்டி. இன்னும் ஒரு மூணு மாசம் ஆகும்.”

தங்கை தன் செருப்பைப் பார்த்தபடி சொன்னாள். “தப்பு என்மேலதான். அந்த ஃபோனை எடுத்திருக்கணும். ஒரு நாள் லீவு போட்டுட்டு வீட்டுல உக்காந்திருந்தா எடுத்திருப்பேன். உனக்குத்தான் பாவம், என்னால அங்க எல்லார்கிட்டயும் கெஞ்சவேண்டியதாப் போச்சு.”

அதுவரை தாங்கிய தேதியக்கா அதற்குமேல் தாங்கவில்லை. வேறு யார் திட்டியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள். இவள் மன்னிப்பல்லவா கேட்கிறாள்.

“நீ எடுக்கக் கூடாதுன்னுதாண்டி கூப்பிட்டாங்க,” என்றாள்.

தங்கைக்குப் புரியவில்லை. தேதியக்கா எல்லாவற்றையும் சொன்னாள். விதிப் புத்தகத்தைச் சொன்னாள், பதினோரு மணியைச் சொன்னாள், அதைக் கண்டுபிடித்தது யார் என்பதையும் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். படியில் ஏறிவந்த ஒருவர் இவர்களைப் பார்த்து ஒதுங்கிச் சுவரோரமாகப் போனார்.

தங்கை அழவில்லை. “இப்படி எத்தனை பேருக்குக்கா பண்ணீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

தேதியக்கா ஒரு மாதத்துக்கு இவ்வளவு என்று மனதுக்குள் கூட்ட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாள்.

“அவங்கள்லாம் என்ன ஆனாங்க?”

“தெரியலடி.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. ஃபோன் வரும், பாத்துக்கன்னு ஒரு வார்த்தை.” குரல் அப்போதுதான் உடைந்தது. “அக்கா இருக்கான்னு எவ்வளவு தைரியமா இருந்தேன் தெரியுமா?”

தேதியக்கா கையை நீட்டினாள். தங்கை அதைத் தட்டிவிட்டாள். பையைப் பிடுங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி தானே ஏறினாள். நாலு படி ஏறுவாள், நிற்பாள். மூச்சு விசில் மாதிரி கேட்கும். மறுபடி நாலு படி. அக்கா இரண்டு படி பின்னால் தள்ளி, பிடிக்கவும் துணிவில்லாமல் போகவும் மனமில்லாமல் ஏறினாள். விழுந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்று இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடியே வந்தாள்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் தங்கை நின்றாள். பை தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. சுவரில் நெற்றியைச் சாய்த்து வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

“வந்து பிடி. என்னால முடியல.”

தேதியக்கா ஓடி வந்து பிடித்தாள். தங்கை அவள் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் முழு உடம்பையும் அவள்மேல் சாய்த்துக்கொண்டாள். வேறு சாய இடம் அங்கே இல்லை. இன்னும் பதினெட்டுப் படி இருந்தது.